டீச்சர் சிஸ்டரா ஆகணும்னு நினைக்கிற தங்கச்சிங்களுக்கு, மடத்துல சேர்றதுக்கு முன்னாடி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வருஷா வருஷம் எனக்கு நாலஞ்சு போன் வந்துரும். "சிஸ்டர், எம்பொண்ணு மடத்துக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கா, என்ன செய்யட்டும்"னு அம்மாமாருங்க கேப்பாங்க. சில நேரம் பொண்ணே பேசும், "எனக்கு டீச்சராவும் ஆகணும் சிஸ்டராவும் ஆகணும், எங்க சேரணும் சிஸ்டர்"னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் பேசி முடிச்சுட்டு போன வச்சப்புறம்தான், அடடா இத சொல்லாம விட்டுட்டோமேன்னு ஞாபகம் வரும். அதான் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் கன்னியர் சபையில சேர்ந்து இருபத்தேழு வருஷம், தூத்துக்குடி பக்கத்துல ஒரு கிராமம், கணக்கு டீச்சர். எனக்குத் தெரிஞ்சத எல்லாம் மறைக்காம சொல்றேன்.

முதல்ல ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க

உங்களுக்குப் பிடிச்சிருக்கது பாடம் நடத்துறதா, இல்ல சிஸ்டர் வாழ்க்கையா? இத ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா ரெண்டும் கலந்துரும். பாடம் நடத்துறதுதான் ஆசைன்னா பி.எட் படிங்க, டீச்சர் ஆகுங்க, கல்யாணம் பண்ணுங்க, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போங்க, அதுவும் ஆண்டவருக்குப் பிடிச்ச வாழ்க்கைதான், குறைச்சலே கெடையாது. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, சபையில சேர்ந்தப்புறம் கிளாஸ் ரூம் உங்களுக்குச் சொந்தமில்ல. கீழ்ப்படிதல்னு வார்த்தைப்பாடு, அதாவது ஆண்டவருக்குச் சத்தியம், குடுக்கிறோம், மே மாசம் ட்ரான்ஸ்ஃபர் லெட்டர் வரும், அதுல "ஹாஸ்டல் வார்டன்"னு இருந்தா ஜூன்ல நீங்க ஹாஸ்டல் வார்டன். எனக்கு அப்படி நாலு வருஷம் ஆச்சு. அரிசி மூட்டை கணக்கும் கரண்ட் பில்லும் பாத்துக்கிட்டு இருப்பேன், பக்கத்து பில்டிங்ல ஸ்கூல் பெல் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைச்சுக்கும், ராத்திரி சேப்பல்ல உக்காந்து அழுதிருக்கேன். அந்த நாலு வருஷமும் நான் சிஸ்டரா இருக்க விரும்பினேன், அதனாலதான் தாங்குச்சு. டீச்சரா இருக்க மட்டும் வந்திருந்தா அப்பவே பெட்டியக் கட்டியிருப்பேன்.

அன்னை தெரசாவ எல்லாருக்கும் தெரியும், ஆனா அவங்க லொரேட்டோ சபை சிஸ்டரா கல்கத்தா என்டாலியில செயின்ட் மேரிஸ் ஸ்கூல்ல ஜியாகரபி நடத்தின டீச்சர், 1944ல தலைமைப் பொறுப்புக்கும் வந்தவங்கன்னு பல பேருக்குத் தெரியாது. கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்தச் சபையில இருந்துட்டு 1948லதான் வெளிய வந்து ஏழைங்ககிட்ட போனாங்க. பிள்ளைங்கள விட்டுப் பிரியறது அவங்களுக்கும் லேசா இருந்திருக்காது.

எந்தச் சபை

எல்லா சிஸ்டரும் ஒண்ணு இல்ல. அடைபட்ட கார்மேல் மடத்துல இருக்கிறவங்க வெளிய வரமாட்டாங்க, செபம்தான் அவங்க வேலை. சில சபை ஆஸ்பத்திரிக்கு, சில சபை வயசானவங்களுக்கு. ஒவ்வொரு சபைக்கும் ஒரு தனிவரம்னு சொல்லுவோம், எதுக்காகத் தொடங்குனாங்களோ அது. பிள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்குறதையே தனிவரமா வச்ச சபையத் தேடுங்க, அப்போ வாழ்நாள்ல பெரும்பகுதி ஸ்கூலோடதான் இருப்பீங்க.

கொஞ்சம் பழைய கதையும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா நம்ம பாட்டிமாருங்க எழுத்து கத்துக்கிட்டதுல இவங்க பங்கு பெருசு. இங்கிலாந்துல மேரி வார்டுன்னு ஒருத்தங்க (1585–1645), பொம்பளைங்க அடைபட்ட மடத்துக்குள்ள இல்லாம வெளிய வந்து பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு தொடங்குனாங்க. அதுக்காக 1631ல அவங்க சபையவே ரோம் கலைச்சுது, அவங்கள மியூனிச்ல ஒரு மடத்துல அடைச்சும் வச்சாங்க. அதே மேரி வார்டு வழியில வந்தவங்கதான் லொரேட்டோ சிஸ்டர்ஸ். நம்ம பக்கம் பாத்தா 1842ல அயர்லாந்துல இருந்து பிரசன்டேஷன் சிஸ்டர்ஸ் சென்னைக்குக் கப்பல்ல வந்தாங்க. 1844ல பாண்டிச்சேரியில துய்புய் சாமியார் பெண் பிள்ளைங்க படிப்புக்காகவே மரியாயின் மாசற்ற இருதய சபையத் தொடங்குனார், அதுவும் நம்ம ஊர்ப் பொண்ணுங்கள வச்சு. பொண்ணு எழுத்துப் படிச்சா குடும்பத்துக்கே கேவலம்னு நினைச்ச காலம் அது, அந்த முதல் சிஸ்டர்ஸ் எவ்ளோ பேச்சு வாங்கியிருப்பாங்கன்னு யோசிச்சா எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும். 1877ல ஊட்டியில தொடங்குன எஃப்.எம்.எம் (பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) சபைதான் 1947ல ஸ்டெல்லா மேரிஸ் காலேஜ தொடங்குச்சு. 1872ல இத்தாலியில தொன் போஸ்கோவும் மரிய மசரெல்லோவும் தொடங்குன சலேசியன் சிஸ்டர்ஸும் நம்ம ஊர்ல பல ஸ்கூல் நடத்துறாங்க. இப்படி நெறைய இருக்கு, பேர மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

ஏப்ரல், மே மாசத்துல சேர விரும்புற பொண்ணுங்களுக்கு இறையழைத்தல் முகாம்னு நடத்துவாங்க, ரெண்டு மூணு சபைக்காவது போய்ட்டு வாங்க. ஒரே முகாமுக்குப் போய்ட்டு அங்க பாட்டும் டான்ஸும் நல்லாருந்துச்சுன்னு சேராதீங்க. முடிஞ்சா ஸ்கூல் நடக்குற நாள்ல ஒரு மடத்துல ரெண்டு நாள் தங்குறதுக்குக் கேளுங்க. சாப்பாட்டு மேசையில வயசான சிஸ்டர்கிட்ட எப்படிப் பேசுறாங்க, சமையல் அக்காவ எப்படி நடத்துறாங்கன்னு பாருங்க, அதுல தெரிஞ்சுரும்.

கூச்சப்படாம கேக்க வேண்டிய கேள்விங்க சிலது இருக்கு. டிகிரி படிக்க வைப்பீங்களா, எப்போ, எந்த சப்ஜெக்ட்னு யார் முடிவு பண்ணுவாங்க? பயிற்சி எந்த மொழியில, தமிழா இங்கிலீஷா? வீட்டுக்கு எப்பல்லாம் போன் பண்ணலாம், எத்தன வருஷத்துக்கு ஒருக்கா லீவு? அப்பா அம்மா சீரியஸா இருந்தா அனுப்புவீங்களா? உள்ளூர் ஆயர் பொறுப்புல இருக்கிற மறைமாவட்டச் சபையா, இல்ல வெளிநாடெல்லாம் கிளை இருக்கிற சபையா? ஏன்னா அப்படிப்பட்ட சபையில ஆப்பிரிக்காவுக்குக் கூட அனுப்புவாங்க. நடுவுல நான் வெளிய போனா என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காம பதில் சொல்ற சபை நல்ல சபைன்னு நான் நினைக்கிறேன்.

பேப்பர்ஸ்

ஞானஸ்நான சர்டிபிகேட், உறுதிபூசுதல் சர்டிபிகேட், கல்யாணம் ஆகலைங்கிறதுக்கு பங்குச் சாமியார் தர்ற லெட்டர், இதெல்லாம் திருச்சபைச் சட்டமே கேக்குது. அதோட மார்க் ஷீட், டி.சி, ஆதார், சாதிச் சான்றிதழ், டாக்டர் சர்டிபிகேட். அடைக்க முடியாத கடன் இருக்கிறவங்கள நவகன்னியர் பயிற்சிக்கு (வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடி வர்ற பயிற்சி) எடுக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு, எஜுகேஷன் லோன் வாங்கியிருந்தா மொதல்லயே சொல்லிருங்க.

இதுல ஒரு விஷயம் கவனமா பாருங்க, பேரு. நம்ம பக்கத்துல ஞானஸ்நானப் பேரு அந்தோணியம்மாள்னு இருக்கும், ஸ்கூல்ல பிரியான்னு இருக்கும், ஆதார்ல இனிஷியல் பின்னாடி போயிருக்கும். அப்போ ஒண்ணும் தெரியாது. வேலை அப்ரூவலுக்கும் பான் கார்டுக்கும் பி.எஃப்க்கும் அலையும்போதுதான் தெரியும். எனக்கு ஸ்பெல்லிங்ல ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், அதச் சரி பண்ண எட்டு மாசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குனேன். சேர்றதுக்கு முன்னாடியே எல்லாத்துலயும் ஒரே பேரா மாத்திருங்க.

உள்ள வந்தப்புறம் எத்தன வருஷம்

சபைக்குச் சபை பேரும் கால அளவும் மாறும், ஆனா வரிசை கிட்டத்தட்ட இதுதான். மொதல்ல கேண்டிடேட், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, சில சபையில இந்த நேரத்துலயே டிகிரிய முடிக்க வச்சுருவாங்க. அப்புறம் போஸ்டுலன்ட், அடுத்த கட்டப் பயிற்சிக்குத் தயாராகுற காலம். அதுக்கப்புறம்தான் நோவிஷியேட், நவகன்னியர் இல்லம். பதினேழு வயசு முடியாம இதுக்குள்ள எடுக்க முடியாது, எடுத்தாலும் செல்லாது. குறைஞ்சது பன்னெண்டு மாசம், ரெண்டு வருஷத்துக்கு மேல கிடையாது, தேவைப்பட்டா ஆறு மாசம் நீட்டலாம், அவ்ளோதான்.

நோவிஷியேட்ல ஸ்கூலும் கிடையாது காலேஜும் கிடையாது. பயிற்சிக்கு உதவாத படிப்போ வேலையோ குடுக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. செபம், பைபிள், சபையோட சட்டதிட்டம், தோட்ட வேலை, சமையல், மௌனம். டீச்சிங் பிடிச்ச பொண்ணுங்களுக்கு இதுதான் கஷ்டமான காலம், கை சும்மா இருக்கிற மாதிரி இருக்கும். நான் அந்த நேரத்துல தோட்டத்துல கத்திரிச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருப்பேன். ஆனா இப்போ யோசிச்சா, ஒரு பிள்ள நம்ம முன்னாடி அழுதா பதில் சொல்லாம கூட உக்காந்திருக்கத் தெரிஞ்சது அந்த மௌனத்துல கத்துக்கிட்டதுதான், பி.எட்ல யாரும் சொல்லித் தரல.

அப்புறம் முதல் வார்த்தைப்பாடு, கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூணும். பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும். இது தற்காலிகம்தான், குறைஞ்சது மூணு வருஷம், சாதாரணமா ஆறு வருஷம் வரைக்கும் போகும், தேவைன்னா மொத்தம் ஒம்பது வருஷம். இந்த நேரத்துல ஜூனியர் சிஸ்டர்னு சொல்லுவாங்க, பி.எட் போறதும் முதல் தடவ கிளாஸ் எடுக்குறதும் பெரும்பாலும் இப்பதான். அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க இருக்கிற நித்திய வார்த்தைப்பாடு, இருபத்தொரு வயசுக்குக் குறைஞ்சு முடியாது. கூட்டிப் பாருங்க, பிளஸ் டூ முடிச்சு வந்தா நித்திய வார்த்தைப்பாடு வர்றதுக்குள்ள பத்து வருஷம் கிட்ட ஆயிரும். ஏன் இவ்ளோ இழுக்குறாங்கன்னு கோவப்படாதீங்க, நீங்க அவங்களப் பாக்கவும் அவங்க உங்களப் பாக்கவும்தான் அந்தப் பத்து வருஷம்.

படிப்பு, டெட்

சின்ன கிளாஸ் எடுக்க ரெண்டு வருஷம் டி.எல்.எட் (தொடக்கக் கல்வி டிப்ளமோ), ஆறாவதுக்கு மேல டிகிரியோட பி.எட், பதினொண்ணு பன்னெண்டுக்கு பி.ஜியும் வேணும். பி.எட் இப்போ ரெண்டு வருஷம். டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு விஷயத்துல நெறைய பேர் குழம்புறாங்க. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் டெட் கட்டாயம்னு தீர்ப்பு சொல்லிச்சு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமாங்கிறத மட்டும் பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்கு. நாம சிறுபான்மைப் பள்ளிதானேன்னு சும்மா இருக்காதீங்க. எழுதிப் பாஸ் பண்ணி வச்சுக்குங்க, படிச்சது ஒரு நாளும் வீணாப் போகாது.

பணம்

இதப் பத்தி யாரும் பேசமாட்டாங்க, நான் பேசுறேன். எய்டட் ஸ்கூல்ல வேலைன்னா சம்பளம் அரசாங்கம் தரும், உங்க பேர்ல பேங்க்ல ஏறும், ஆனா அது உங்க பணம் இல்ல. நீங்க உழைச்சு வர்றது எல்லாம் சபைக்கு, பென்ஷன் உட்பட. உங்க சோப்பு, செருப்பு, மருந்து, பஸ் டிக்கெட் எல்லாம் பொதுப் பணத்துல இருந்து கேட்டு வாங்கணும். சுயமா சம்பாதிச்சுச் செலவு பண்ணுற தோழிங்களப் பாக்கும்போது முப்பது வயசுல ஒரு மாதிரி இருக்கும், இருக்காதுன்னு பொய் சொல்லமாட்டேன். வீட்டுல தம்பி படிப்புக்குப் பணம் கட்ட முடியாம நிக்கும்போது நம்ம அக்கவுண்ட்ல சம்பளம் ஏறுறதப் பாக்குறது இன்னும் கஷ்டம். வீட்டக் காப்பாத்த வேண்டிய பொறுப்பு உங்க மேல இருந்தா அவசரப்படாதீங்க, அத முடிச்சுட்டு வாங்க, முப்பது வயசுல வந்தவங்களும் இருக்காங்க.

வரி விஷயம் ஒண்ணு இருக்கு. சம்பளம் சபைக்குத்தானே போகுதுன்னு ரொம்ப வருஷமா எய்டட் ஸ்கூல் சிஸ்டர்ஸ் சம்பளத்துல வரி பிடிக்காம இருந்தாங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாது, டி.டி.எஸ், அதாவது சம்பளம் தரும்போதே வரி, பிடிக்கணும்னு சொல்லிருச்சு. அதனால பான் கார்டும் ரிட்டர்ன் போடுறதும் நம்ம வேலையும்தான், யாரோ பாத்துப்பாங்கன்னு விடாதீங்க. சொந்தச் சொத்து இருந்தா முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடி அத நிர்வாகம் பண்ணுற பொறுப்ப வேற ஒருத்தர்கிட்ட குடுக்கணும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடி கவர்மென்ட் சட்டப்படி செல்லுபடியாகுற உயில் எழுதணும். பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி முழுசா வாசிங்க, புரியலைன்னா நாள் கேளுங்க.

ஒரு நாள் எப்படி இருக்கும்

காலைல நாலே முக்காலுக்கு எந்திரிப்போம். அஞ்சே காலுக்கு திருப்புகழ்மாலை, தியானம், ஆறு மணிக்குப் பூசை. காப்பி, இட்லி, எட்டரைக்கு ஸ்கூல்ல இருக்கணும். நாலரைக்கு வந்து டீ, நோட்டு திருத்துறது, ஆறரைக்கு செபமாலையும் மாலைச் செபமும், எட்டு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் எல்லாரும் உக்காந்து கொஞ்ச நேரம் பேசிச் சிரிக்கிறது, இராச்செபம், படுக்கை. பரீட்சை நேரத்துல பேப்பர் கட்டோட பதினோரு மணி வரை முழிச்சிருப்போம், மறுநாளும் அதே நாலே முக்கால்தான். வருஷத்துல எட்டு நாள் மௌனத் தியானம் உண்டு. கூட இருக்கிற நாலஞ்சு பேர நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது தெரியாது, ஆனா நாலே முக்கால் மணிய விட இதுதான் கஷ்டம்.

கிளாஸ்ல முதல் வருஷம்

உங்க முன்னாடி உக்காந்திருக்கிற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல இந்து, முஸ்லிம் பிள்ளைங்களா இருப்பாங்க. கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி, மத்தவங்களுக்கு நீதிபோதனை. அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற ஸ்கூல்ல பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளைய மதப் போதனையில உக்கார வைக்கக் கூடாதுன்னு அரசியல் சாசனம் 28ஆவது பிரிவு சொல்லுது. சட்டம்னு மட்டும் இல்ல, ஒரு அம்மா நம்பி அனுப்புன பிள்ள அது.

பிரம்பு எடுக்காதீங்க. நம்ம படிச்ச காலத்துல சிஸ்டர்னாலே பிரம்புன்னு பயந்தோம், 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு அடிக்கிறதையும் மனசு நோகப் பேசுறதையும் தடை பண்ணியிருக்கு. நான் முதல் வருஷத்துல எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்திய கணக்கு வரலைன்னு எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். அவ பத்து நாள் ஸ்கூலுக்கு வரல. வீட்டுக்குப் போய்ப் பாத்தா அம்மா ஆஸ்பத்திரியில, இவதான் தம்பிக்குச் சோறாக்கிக்கிட்டு இருந்தா. அன்னைக்கு அந்த வாசப்படியில உக்காந்து அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுக்கப்புறம் எந்த ஊருக்கு மாத்திப் போனாலும் முதல் மாசத்துல என் கிளாஸ் பிள்ளைங்க வீடு ஒவ்வொண்ணுக்கும் போய்ட்டு வந்துருவேன். நீங்களும் செய்யுங்க, சாயங்காலம் ரெண்டு ரெண்டு வீடா.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். ஒரு பிள்ள தன்னை யாராவது தப்பாத் தொட்டாங்கன்னு சொன்னா அத மடத்துக்குள்ள பேசி முடிக்க உங்களுக்கு உரிமை இல்ல. யார் மேல சொன்னாலும் சரி, சாமியாரா இருந்தாலும், நம்ம கூட இருக்கிறவங்களா இருந்தாலும். 2012 போக்சோ சட்டப்படி போலீஸ்ல சொல்லியே ஆகணும். சொல்லாம மறைச்சா ஆறு மாசம் வரை ஜெயில், நிறுவனத் தலைமையில இருக்கிறவங்க மறைச்சா ஒரு வருஷம் வரை. பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098ஐ கிளாஸ் சுவத்துலயே எழுதி வைங்க. கீழ்ப்படிதல்னு சொல்லி யாராவது உங்க வாய அடைச்சா, அந்த இடத்துல நம்ம வார்த்தைப்பாடு நம்மள கட்டுப்படுத்தாது.

திரும்பிப் போகணும்னு தோணுச்சுன்னா

நவகன்னி எப்ப வேணும்னாலும் போகலாம், யாரும் தடுக்க முடியாது. தற்காலிக வார்த்தைப்பாடு காலம் முடியும்போது புதுப்பிக்காம போகலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு அப்புறம்னா ரொம்ப பெரிய காரணம் வேணும், மேலிடத்துல அனுமதி வாங்கணும். போறவங்க அத்தன வருஷம் வேலை செஞ்சதுக்குச் சம்பளம் கேக்க முடியாது, ஆனா சபை அவங்ககிட்ட நியாயமாவும் அன்பாவும் நடந்துக்கணும்னு திருச்சபைச் சட்டம் சொல்லுது.

என் கூட நோவிஷியேட்ல இருந்த ஒருத்தி ரெண்டாவது வருஷம் போய்ட்டா. ஊர்ல "மடத்துல இருந்து வந்தவ"ன்னு பேசி ரெண்டு வருஷம் அவள வெளிய தலகாட்ட விடல. அவ தப்பு ஒண்ணும் பண்ணல, பாத்தா, இது தனக்கில்லன்னு தெரிஞ்சது, சொல்லிட்டுப் போனா, அதுக்குத்தான அந்தக் காலத்த வச்சிருக்கு. இப்போ ஒரு ஸ்கூல்ல தமிழ் டீச்சர், ரெண்டு பிள்ளைங்க, எனக்குப் போன் பண்ணி இலக்கணக் குறிப்பெல்லாம் அனுப்புவா. பெத்தவங்களுக்குச் சொல்றேன், உங்க பொண்ணு திரும்பி வந்தா கதவத் திறந்து வைங்க. ஊருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுட்டோமேங்கிறதுக்காக அவள அங்கயே இருன்னு தள்ளாதீங்க.

எடுத்துட்டு வர வேண்டியது

லிஸ்ட் சபையே தருவாங்க. அதுக்கு மேல நான் சொல்றது, தமிழ் பைபிள், நல்ல டார்ச் லைட், ரெண்டு பருத்திப் போர்வை, பிளஸ் டூல பிடிச்ச சப்ஜெக்ட் புக் ஒண்ணு. நகை வேணாம், புதுச் சுடிதாரா வாங்கிக் குவிக்க வேணாம். மார்க் ஷீட் ஒரிஜினல சேர்ற அன்னைக்குக் காட்டுங்க, காலேஜ்ல சேக்கும்போது மறுபடி கேப்பாங்க, அப்போ குடுக்கலாம். நடுவுல இருக்கிற நாள்ல ஜெராக்ஸ மட்டும் மடத்துல குடுத்துட்டு ஒரிஜினல பிளாஸ்டிக் கவர்ல போட்டு அம்மாகிட்ட வச்சுட்டு வாங்க.